முப்பத்தைந்து வயதில் பந்து வீசப் போன ஒரு சேர்

பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள். கிரிக்கெட் விளையாடும் மகன் உள்ள வீட்டுக்காரர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை தரம் பத்து வகுப்பில் ஒரு மகன் எழுதுவதும் பேனையை வைப்பதுமாக இருந்தான். "என்ன மகன்?" என்றோம். "ஒண்டுமில்ல சேர்" என்றான். பக்கத்தில் இருந்தவன்தான் போட்டுக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு டீம், சனிக்கிழமை வேறொரு டீம், ஞாயிறு வெளியூர் டூர்னமென்ட். மூன்றிலும் இவன்தான் வேகப்பந்து. தோளில் வலி தொடங்கி மாதக்கணக்காகிறது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் டீமில் எடுக்க மாட்டார்களாம்.

வாப்பாவைச் சந்தித்துப் பேசினோம். நல்ல மனிதர். அவர் சொன்ன பதில்தான் எங்களை இதை எழுத வைத்தது. அவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறோம். "சேர், இப்ப விட்டா பிறகு சான்ஸ் கிடைக்காது. இருபது வயசுக்குப் பிறகு யாரு எடுப்பா?"

அன்றிரவு எங்களுக்கு ஜிம் மொரிஸ் ஞாபகம் வந்தார். கலாசாலை விடுதியில் இருந்த காலத்தில் ஒரு நண்பரின் லெப்டொப்பில் அவரைப் பற்றிய படம் ஒன்று பார்த்தோம். 2002இல் வந்த 'தி ரூக்கி'. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். தொழில் பேஸ்போல் பந்துவீச்சாளர். இடையில் எங்களைப் போல ஒரு பாடசாலை ஆசிரியர்.

பேஸ்போல் நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. எல்லே மாதிரி அடித்துவிட்டு ஓடும் விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே ஆட்டத்தின் அச்சாணி பந்து வீசுபவர்தான். ஓடிவந்து வீச முடியாது. சின்ன மேட்டில் நின்ற இடத்தில் இருந்தே, பதினெட்டரை மீற்றர் தூரத்துக்கு, முழங்கையை மடக்கி எறிய வேண்டும். கிரிக்கெட்டில் அப்படி எறிந்தால் நடுவர் நோபோல் கொடுப்பார். அந்த எறியின் பாரம் முழுவதும் தோளிலும் முழங்கையிலும்தான் இறங்கும்.

அந்தத் தொழிலின் பாதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதிலோ, கல்லூரி படிக்கும்போதோ ஒரு கழகம் தெரிவு செய்யும். உடனே ரிவியில் வரலாம் என்று நினைக்க வேண்டாம். கீழ்மட்ட லீக், சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, ட்ரிப்பிள் ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். உச்சியில் 30 கழகங்கள். ஒவ்வொன்றின் ஆட்ட அணியிலும் வழமையாக 26 பேர், அதில் பந்துவீச்சாளர் ஆகக் கூடியது 13 பேர். கீழே இருக்கும் ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரு சில கதிரைகளைப் பார்த்துத்தான் எறிந்துகொண்டிருக்கிறார்கள்.

சம்பளத்தைக் கேட்டால் படி எவ்வளவு செங்குத்து என்று விளங்கும். 2023இல் செய்த ஒப்பந்தத்தின்படி, சிங்கிள் ஏயில் வருடத்துக்கு ஆகக் குறைந்தது 26,200 டொலர். அதற்கு முதல் வருடம் அது வெறும் 11,000. ஒரு படி மட்டும் மிச்சமிருக்கும் ட்ரிப்பிள் ஏயில் 35,800. மேலே ஏறிவிட்டால் அதே வருடத்தில் ஆகக் குறைந்தது 720,000. இருபது மடங்கு! (இன்னொன்று, அரசாங்க உத்தியோகத்தர்களுக்குப் பிடிக்கும். மேலே மொத்தம் 43 நாள் இருந்தாலே ஓய்வூதிய உரித்து வந்துவிடும்.)

இனி மொரிஸுக்கு வருவோம். பிறந்தது 1964. இடது கைக்காரர். 1983இல் மில்வோக்கி புரூவர்ஸ் கழகம் அவரை முதற்சுற்றிலேயே எடுத்தது. ஊரே கொண்டாடியிருக்கும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதை விட என்ன வேண்டும்? ஆனால் கை தாங்கவில்லை. காயம், ஒப்பரேஷன், திரும்பவும் காயம். 1987இல் கழகம் விட்டுவிட்டது. 1989இல் வேறொரு கழகத்தில் முயன்று பார்த்தார், அதுவும் சரிவரவில்லை. சிங்கிள் ஏயை அவர் தாண்டவே இல்லை. இருபத்தைந்து வயதில் விளையாட்டுக் கதை முடிந்தது. இன்று நம்ம ஊரில் என்றால் "பெரிய ஆள் மாதிரி போனான், ஒண்டுக்கும் உதவல்ல" என்று சந்தியில் நின்று தீர்ப்பு எழுதியிருப்போம். அங்கேயும் யாராவது எழுதியிருப்பார்கள்.

அவர் திரும்பிப் போய்ப் படித்தார். பிறகு பிக் லேக் என்ற சின்ன ஊரில் ரேகன் கவுண்டி உயர்நிலைப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தார். பாடசாலை பேஸ்போல் அணிக்கும் அவரே பயிற்றுநர். மனைவி, மூன்று பிள்ளைகள், கட்ட வேண்டிய பில்கள். நம்ம ஸ்டாப் ரூமில் உட்கார்ந்திருக்கும் எந்த சேரும்தான்.

1999இல் நடந்தது இதுதான். அணிப் பிள்ளைகளுக்கு முயற்சி, நம்பிக்கை என்று அவர் பாடம் எடுக்க, பிள்ளைகள் திருப்பிக் கேட்டார்கள்: அப்படியென்றால் நீங்கள் ஏன் சேர் விட்டீர்கள்? ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது ஊசி குத்துகிற கேள்வி. பேச்சு ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. மாவட்டச் சம்பியன் பட்டத்தை எடுத்தால் அவர் பெரிய கழகத்தின் தெரிவுக்குப் போவார். அந்த அணி அதுவரை ஒருநாளும் எடுக்காத பட்டம் அது. எடுத்துக் காட்டினார்கள்.

சேர் சொன்ன சொல்லுக்காகப் போனார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. டம்பா பே டெவில் ரேஸ் கழகத்தின் தெரிவு. சுற்றிவர நின்றவர்கள் அவரிடம் பாடம் படிக்கிற வயதுப் பொடியன்கள். இவர் எறிந்தார். மணிக்கு 98 மைல், அதாவது கிட்டத்தட்ட 158 கிலோமீற்றர். ஒன்றல்ல, அடுத்தடுத்துப் பன்னிரண்டு பந்துகள். 2003 உலகக் கிண்ணத்தில் சுஐப் அக்தர் ஓடிவந்து வீசிய பந்து 161.3. இவர் நின்ற இடத்தில் நின்று எறிகிறார், வயது முப்பத்தைந்து. இருபது வயதில் கூட அந்த வேகம் அவரிடம் இருக்கவில்லை.

டபிள் ஏ, ட்ரிப்பிள் ஏ இரண்டையும் சில மாதங்களில் தாண்டினார். 1999 செப்டெம்பர் 18, டெக்ஸாஸில் ஆர்லிங்டன் மைதானம். எதிரில் ரொய்ஸ் கிளேட்டன். நான்கு பந்து, ஆள் அவுட். படம் அதோடு பெருமையாக முடிகிறது. மேடைப் பேச்சாளர்களும் அங்கேயே நிறுத்தி "கனவு ஒருநாளும் சாகாது" என்று கைதட்டு வாங்கிவிடுகிறார்கள்.

எங்களுக்கு அதோடு உடன்பாடில்லை. மிச்சத்தையும் சொல்ல வேண்டும். மேல்மட்டத்தில் அவர் விளையாடியது மொத்தம் 21 ஆட்டம். வீசியது 15 இன்னிங்ஸ், கணக்குப்படி 45 பேரை அவுட்டாக்கும் அளவு. அவர் பெயரில் ஒரு வெற்றி கூடப் பதிவாகவில்லை. 2000 மே மாதம் நியூயோர்க்கில் யாங்கீஸ் அணிக்கு எதிராக அவர் இலக்குத் தவறி வீசியதால் எதிரணிக்கு வெற்றி ஓட்டம் இலவசமாகக் கிடைத்தது. அதுதான் கடைசி ஆட்டம். கை திரும்பவும் நோகத் தொடங்கியிருந்தது. 2001இல் இன்னொரு கழகத்தில் சேர்ந்து, பருவம் தொடங்க முன்னரே போதும் என்று விட்டுவிட்டார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மகள் கேட்டாள், "அப்ப அவர் வெண்டாரா, தோத்தாரா சேர்?" பெல் அடித்துவிட்டது, நாங்களும் தப்பித்துக்கொண்டோம். இப்போது பதில் சொல்லலாம். முதல் தரம் அவர் தோற்றார் என்று சொன்னதே பிழை. கை பழுதாகியது, அவ்வளவுதான். முழங்கையில் வந்த காயத்தை ஒரு மனிதனின் குணத்தில் ஏற்றி எழுதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகளின் புள்ளிகளிலும் நாங்கள் இதையேதான் செய்கிறோம், அது வேறு கதை.

இன்னொன்று, அவர் திரும்பி வந்த கை பத்து வருடமாகப் போட்டிக்கு எறியாத கை. மாணவர்களுக்குப் பயிற்சிக்காக எறிந்ததுதான். ஓய்வுதான் வேகத்தைக் கொடுத்தது என்று அடித்துச் சொல்ல நாங்கள் டொக்டர் இல்லை. ஆனால் ஓய்வு அவருடைய சான்ஸைப் பறிக்கவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கையில் ஆசிரியர் தொழில் இருந்தபடியால்தான் பயமில்லாமல் போய்ப் பார்க்கவும் முடிந்தது. பாடத்தை விட்டுவிட்டு மைதானமே கதி என்று திரியும் மகன்மார் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கலாம்.

பேஸ்போல்காரர்களுக்கு இந்தக் கை விஷயம் பட்டுத் தெளிந்த பாடம். 1974இல் டொமி ஜோன் என்ற பந்துவீச்சாளரின் இடது முழங்கைத் தசைநார் அறுந்தது. டொக்டர் பிராங்க் ஜோப் வலது கையில் இருந்து நார் எடுத்து வைத்துத் தைத்தார். அடுத்த வருடம் முழுவதும் அவர் விளையாடவில்லை. பிறகு வந்து 1989 வரை விளையாடி இன்னும் 164 வெற்றி எடுத்தார். அந்த ஒப்பரேஷனுக்கு இன்றும் அவர் பெயர்தான். கவலை என்னவென்றால், இப்போது பாடசாலைப் பிள்ளைகளும் அதற்காக மேசையில் படுக்கிறார்கள். அலபாமாவில் விளையாட்டு மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசிய பையன்களுக்கு ஒப்பரேஷன் தேவைப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று கண்டார்கள். களைத்த கையோடு வழமையாக வீசியவர்களுக்கு 36 மடங்கு. 36! அதனால்தான் அங்கே பந்தை எண்ணுகிறார்கள். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 85 எறிக்கு மேல் இல்லை. 66ஐ எட்டினாலே நான்கு நாள் கட்டாய ஓய்வு.

கிரிக்கெட்டும் பேஸ்போலும் ஒன்றல்ல, தெரியும். நம்ம பையன் கையை மடக்கி எறிவதில்லை. ஆனால் அந்தத் தோளும் ஒரு பிள்ளையின் தோள்தான். மூன்று டீமுக்கும் சேர்த்து அவன் ஒரு கிழமையில் எத்தனை ஓவர் போடுகிறான் என்று மூன்று கெப்டன்மாரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டுப் பார்த்துவிட்டோம். ஒவ்வொருவரும் தன்னுடைய ஓவரை மட்டும்தான் எண்ணுகிறார்கள்.

அவனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மூன்று நிரல் கோடு கீறியது: திகதி, எத்தனை பந்து, நோவு இருந்ததா. நாளைக்கு வாப்பா அவனை டொக்டரிடம் காட்டப் போகிறார். மூன்று டீம் தம்பிமாரும் இந்தப் பதிவைக் காண்பீர்கள். டொக்டர் சரி என்று சொல்லும் வரை வெள்ளி, சனி, ஞாயிறு அவனுக்குக் கோல் எடுக்காதீர்கள். கேட்டால் அவன் வருவான், அதுதான் பிரச்சினை.