தேதி புரண்டால் கணக்கு புரளும்



பேரேட்டைக் கையால் எழுதிய காலத்தில் 5-4 என்றால் ஏப்ரல் ஐந்து. கணக்குப்பிள்ளைக்கும் தெரியும், மண்டிக்காரருக்கும் தெரியும். இன்று பல கடைகளில் கணக்கு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அங்கே அதே 5-4 சில சமயம் மே நான்கு ஆகிவிடுகிறது. நாம் நாளை முதலில் எழுதுகிறோம். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். அமெரிக்க வழக்கத்துக்கு அமைத்தபடியே விடப்பட்ட கம்ப்யூட்டர், நம் தேதியையும் அப்படித்தான் படிக்கும்.

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். பாக்கிப் பட்டியலை பில் போடும் சாஃப்ட்வேரிலிருந்து எக்செலுக்கு மாற்றினோம். 12-ஆம் தேதிக்கு மேற்பட்ட பில்கள் தேதியாகவே ஏறவில்லை. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே! அவை வெறும் எழுத்தாக நின்றன. அதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். ஆபத்து முதல் 12 நாட்களில்தான். 4-4 போல நாளும் மாதமும் ஒன்றாக வரும் ஒரு நாள் போக, மற்ற 11 நாட்களும் சத்தமில்லாமல் புரண்டுவிட்டன. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கூட்டுத்தொகையும் பைசா மாறவில்லை. ஆனால் ஏப்ரல் 5-ஆம் தேதி பில், மே 4 என்று நின்றது. பாக்கியின் வயதில் 29 நாள் குறைந்துவிட்டது!

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் மசாலாவோ அப்பளமோ வாங்கினால், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. ஏப்ரல் 5-ல் ஏற்ற சரக்குக்குக் கெடு மே 20. புரண்ட கணக்கோ ஜூன் 18 என்று காட்டும்.

செக் விஷயம் இதைவிட மோசம். ஆகஸ்ட் 5-க்கு என்று மே மாதக் கடைசியில் கொடுக்கும் செக்கை கம்ப்யூட்டரில் அச்சிடுகிறோம். கட்டத்தில் 08-05 என்று விழுந்தால் வங்கிக்கு அது மே 8. வாங்கியவர் மறுநாளே போடலாம். கணக்கில் பணம் இல்லாவிட்டால் செக் திரும்பும், நாணயம் கெடும், வழக்கும் வரலாம்.

சாஃப்ட்வேர் விற்றவரைக் கேட்டால், "செட்டிங்கை நீங்கள்தான் மாற்றியிருக்க வேண்டும்" என்கிறார். முத்திரை இல்லாத தராசை வைத்திருந்தால் அபராதம் நமக்கு. அப்படியிருக்க, நம் நாட்டுத் தேதிக்குச் சரிபார்க்காத கணக்குக் கருவியை நம் தலையில் கட்டுவது எந்த நியாயம்? தேதியைச் சோதித்துக் காட்டிய பிறகே பாக்கிப் பணம் தருவோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்குள் ரீஜன் என்ற பகுதியில் 'இங்கிலீஷ் இந்தியா' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொகையும் 1,00,000 என்று நம் லட்சக் கணக்கில் வரும். பில்லிலும் பட்டியலிலும் மாதத்தை எழுத்தில் போடச் செய்யுங்கள். 05-ஏப்ரல்-2025 என்பதை யாரும் தவறாகப் படிக்க முடியாது. ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது 2025-04-05 என ஆண்டை முதலில் வையுங்கள். 1988 முதல் உலகத் தர அமைப்பு சொல்லும் முறை இதுதான். ஏற்கெனவே புரண்ட தேதிகள் செட்டிங்கை மாற்றுவதால் மட்டும் நிமிராது. மூலப் பட்டியலிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

புதுக்கணக்குக்கு மஞ்சள் வைக்கும் முன், போன மாதத்தின் 5-ஆம் தேதி பில் ஒன்றைக் கையில் எடுத்து, கம்ப்யூட்டரில் அது எந்த மாதத்தில் நிற்கிறது என்று பார்ப்போம். ஐந்து நிமிட வேலை. ஒரு வருட நிம்மதி!