பட்டியல் நம் சொத்து அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஆவடியில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. டேங்க் ஃபேக்டரி ஓய்வூதியர்கள், முன்னாள் மாணவர்கள், குடியிருப்போர் நலச் சங்கம், கோயில் திருப்பணிக் குழு என்று எத்தனையோ. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியல் உண்டு: பெயர், செல் நம்பர், மின்னஞ்சல், வீட்டு முகவரி. "எல்லாருக்கும் உதவியா இருக்கட்டும்" என்று அதை அப்படியே குரூப்பில் போட்டுவிடுகிறோம். அது உதவி இல்லை என்பது என் கருத்து.

உலகின் முதல் விளம்பரக் குப்பை மின்னஞ்சல் 1978 மே மாதம் அமெரிக்காவில் அனுப்பப்பட்டது. ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு அனுப்பினார். முகவரிகள் எங்கே கிடைத்தன? உறுப்பினர்களின் வசதிக்காக அச்சிட்டு வைத்திருந்த முகவரிப் புத்தகத்தில்! திருட்டு எதுவும் நடக்கவில்லை. பட்டியல் திறந்து கிடந்தது, அவ்வளவுதான்.

2021 ஜூனில் நம் மாநில ரேஷன் அட்டைதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாகச் செய்தி வந்தது. அரசாங்கப் பட்டியலுக்கே அந்தக் கதி என்றால், நம் சங்கத்து எக்செல் ஷீட் எந்த மூலைக்கு?

"நம்பர்தானே சார், என்ன போச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. தனி நம்பர் வெறும் நம்பர்தான். ஓய்வூதியர் பட்டியலில் இருக்கும் நம்பர் அப்படி இல்லை. இவர் வயதானவர், மாதாமாதம் வங்கியில் பணம் வரும் என்று அது காட்டிக்கொடுக்கிறது. நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கும் சமயம் பார்த்துப் போன் வரும். பெயர் சொல்லி, எங்கே வேலை பார்த்தார் என்றும் சொல்லி, கடைசியில் ஓடிபி கேட்பான். இவ்வளவும் தெரிந்தவன் அதிகாரியாகத்தான் இருப்பான் என்று பெரியவர் நம்பிவிடுவார்.

ஆகவே பட்டியல் வைத்திருக்கும் செயலாளர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

1. பலருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பும்போது முகவரிகளை 'பிசிசி' கட்டத்தில் போடுங்கள். ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது.

2. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். அறிவிப்பு மட்டும்தான் என்றால் பிராட்காஸ்ட் போதும். உறுப்பினர்கள் உங்கள் நம்பரைச் சேமித்திருக்க வேண்டும், அவ்வளவே.

3. குரூப்பில் சேரும் இணைப்பைப் பொது இடத்தில் ஒட்டாதீர்கள். அட்மின் அனுமதித்த பிறகே சேரும்படி வையுங்கள்.

4. நன்கொடையாளர் பட்டியலில் பெயரும் தொகையும் போதும், நம்பர் எதற்கு?

5. பொறுப்பு மாறும்போது பட்டியலைப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டு, பழையவர் தன் போனிலிருந்து அழித்துவிட வேண்டும்.

உறுப்பினர்களுக்கும் ஒன்று. முன்பின் தெரியாத மெயிலில் "இனி அனுப்ப வேண்டாம்" என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும். ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பள்ளியில் மதிப்பெண் பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். பிள்ளைகள் மேல் சந்தேகப்பட்டு அல்ல; அதில் இருப்பது அடுத்தவர் விவரம் என்பதால். சங்கப் பட்டியலும் அப்படித்தான். யாராவது நம்பர் கேட்டால், "அவரைக் கேட்டுட்டுத் தரேன்" என்று சொல்லிப் பழகுவோம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.