துளை ஆளுமா, கை ஆளுமா?

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்த பிறகு திருவண்ணாமலை செங்கம் சாலையின் முகம் மாறிவிடும். ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் வீடு பிடித்துப் பிப்ரவரி வரை தங்கும் வெளிநாட்டினரில், காப்பிப் பித்து உள்ளவர்கள் ஒரு சின்னக் கூம்பும் ஒரு கட்டு வடிகாகிதமும் கூடவே எடுத்து வருவதுண்டு. பாலும் சர்க்கரையும் சேராத கறுப்புக் காப்பிக்கான டிரிப்பர் அது. நம் வீட்டுக்கும் ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள், விலையைப் பார்க்கும் முன் அதன் அடியிலுள்ள துளையைப் பார்ப்பது நல்லது.

அதிகம் பேசப்படுவது ஜப்பானின் ஹரியோ நிறுவனம் செய்யும் வி60. 60 பாகைக் கூம்பு. அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை. காகிதம் சுவரோடு ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்காதிருக்க உள்ளே சுருள் வரிகள். பாத்திரம் நீரைத் தடுப்பதே இல்லை. தடுப்பதெல்லாம் தூளும் காகிதமும்தான். வேகத்தை முடிவு செய்வது ஊற்றுகிற கை. 2016-இல் காப்பி வடிப்பதற்கான உலகப் போட்டியில் வென்ற ஜப்பானியர் டெட்சு கசுயா கையாண்டது இதைத்தான்: 20 கிராம் தூள், 300 கிராம் நீர், ஐந்து தவணையாக ஊற்றல். அதே கூம்பில் அவசரக் கை ஊற்றினால் காப்பி புளித்துத் தண்ணீராக இறங்கும்.

இன்னொரு டிரிப்பரான கலிட்டா வேவ் இவ்வளவு கண்டிப்பானதில்லை. தட்டையான அடியில் மூன்று சிறு துளைகள் இருப்பதால் நீர் தூளில் பரவி நின்று நிதானமாக வடிகிறது. கை கொஞ்சம் பிசகினாலும் ருசி அவ்வளவாகக் கெடாது. முதல் டிரிப்பராக வாங்குபவருக்கு இதுவே பொருத்தம்.

காகிதத்துக்கு வேறொரு பயனும் உண்டு. கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் கஃபெஸ்டால் என்ற பொருள் காப்பியின் எண்ணெயில் இருக்கிறது. காகிதம் அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் மகனின் நோட்டிலிருந்து மையொற்றுத் தாளைக் கிழித்து, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் போட்டபோது அவர் நினைத்தது இதையல்ல. கசப்பும் மண்டியும் இல்லாத காப்பி கிடைத்தால் போதும் என்றுதான்.

துளையிட்ட பித்தளை என்றதும் கும்பகோணம் ஃபில்டர் நினைவுக்கு வராமல் போகாது. அதுவும் டிரிப்பர்தான், வி60-க்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது. ஊசிமுனைத் துளைகள், மேலே தூளை அழுத்தும் குடை. கொதிநீரை ஊற்றி மூடியதோடு கையின் வேலை தீர்ந்தது. மற்றதைத் துளைகள் பார்த்துக்கொள்ளும். காலையில் ஓர் அடுப்பில் பால், இன்னொன்றில் இட்லி, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை என்றிருக்கும் சமையலறைக்கு இதைவிடத் தோதான கருவி வராது. கெட்டி டிகாஷன்தான் பாலுக்கு ஈடுகொடுக்கும். வி60-இல் வடித்தது பாலில் கரைந்து காணாமல் போகும். பால் காப்பி மட்டுமே குடிக்கும் வீட்டில் காகித டிரிப்பர் வாங்குவது பணத்துக்குக் கேடு.

கறுப்புக் காப்பிக்கென்றே வாங்குபவர்கள் பீங்கானின் அழகில் மயங்க வேண்டாம். முன்கூட்டிச் சூடாக்காத பீங்கான் நீரின் சூட்டைக் குடித்துவிடும். பிளாஸ்டிக் அந்த அளவுக்கு உறிஞ்சாது, விலையும் குறைவு. காப்பி விஷயத்தில் உலகமே கேட்கும் பிரிட்டிஷ்காரர் ஜேம்ஸ் ஹாஃப்மன் சிபாரிசு செய்வதும் பிளாஸ்டிக் வி60-ஐத்தான்.

இத்தனைக்குப் பிறகும் காப்பி சரியாக வராவிட்டால் குற்றம் பெரும்பாலும் தூளில் இருக்கும். கடைகளில் 80:20, 60:40 என்று கிடைப்பது சிக்கரி கலந்த தூள். கலவையில் 51 சதவீதமாவது காப்பி இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி டிகாஷனுக்கு நிறமும் கனமும் தரும். கறுப்புக் காப்பியில் கொட்டையின் மணத்தை மறைத்துவிடும். போதாததற்கு, ஃபில்டருக்கென்று மாவாக அரைத்த தூள் காகிதத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே அரவைக் கடையில் பீபெரி, பிளான்டேஷன் ஏ போன்ற கொட்டை ரகம் ஒன்றைச் சிக்கரி சேர்க்காமல், ரவைப் பதத்தில் கேட்டு வாங்க வேண்டும். 15 கிராமுக்கு 240 மில்லி நீர் ஊற்றினால் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் வடிய வேண்டும். ஐந்து நிமிடம் இழுத்தால், அடுத்த முறை இன்னும் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லலாம்.