காவலனை இழந்த வீடு

சென்ற வாரம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, முன்பு நம்மிடம் படித்த மாணவி எழுதியது. அவளுடைய தாயாருக்குச் சினைப்பையில் புற்றுநோய். "மருந்துக்கு நோய் நன்றாகக் கட்டுப்படுகிறது. பரம்பரையாக வந்த ஒரு குறையே அதற்குக் காரணம் என்கிறார் டாக்டர். குறை எவ்விதம் நன்மையாகும், ஐயா?" என்று கேட்டிருந்தாள்.

நியாயமான கேள்விதான். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் புற்று முளைக்காதபடி காவல் புரியும் மரபணுக்கள் சில உண்டு. 1979-ல் கண்டறியப்பட்ட பி53 என்பதை முதலில் திருடன் என்றே விஞ்ஞானிகள் எண்ணினார்கள். பத்து ஆண்டுகள் சென்ற பிறகே அது காவற்காரன் என்று தெளிந்தது. சினைப்பைப் புற்றில் மிகுதியாகக் காணப்படும் கொடிய வகையில், 100க்கு 96 கட்டிகளில் இக்காவலன் கெட்டிருப்பதாக 2011-ல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று காட்டிற்று.

பி.ஆர்.ஸி.ஏ.1 மற்றொரு காவலன். அது பதினேழாவது குரோமோசோமில் இருப்பதை மேரி-கிளேர் கிங் என்னும் அம்மையார் 1990-ல் காட்டினார். மரபிழை இரண்டும் அறுந்துபோனால் பிழையின்றி ஒட்டவைப்பது அதன் தொழில். வீட்டோடு இருக்கும் கொத்தன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மருந்தைப் பார்ப்போம். 1965-ல் மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையில் ரோஸன்பெர்க் என்பவர் கிருமிகளிடையே மின்சாரம் பாய்ச்சினார். கிருமிகள் பிளவுபடாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரமன்று, கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம்! அதிலிருந்து பிறந்த ஸிஸ்பிளாட்டின் 1978-ல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. அது மரபிழைகளை முடிச்சுப் போட்டுவிடுகிறது. தாயாரின் மற்ற உயிரணுக்களில் கெட்ட பிரதி ஒன்றும் நல்ல பிரதி ஒன்றும் இருப்பதால், கொத்தன் வந்து முடிச்சை அவிழ்த்துச் செப்பனிடுகிறான். புற்றணுவோ நல்ல பிரதியையும் இழந்தே புற்றாயிற்று. செப்பனிட ஆளின்றி அது மாய்கிறது.

ஆயினும் புற்று லேசில் தோற்பதில்லை. சில அணுக்களில் மரபணு மீண்டும் மாறுதலடைந்து, போன கொத்தன் திரும்பிவிடுவதை 2008-ல் கண்டார்கள்; அப்போது மருந்து பலிப்பதில்லை. கொத்தன் இல்லாத அணுவுக்கு எஞ்சியுள்ள வேறொரு செப்பனிடும் வழியையும் அடைக்கும் ஒலாபரிப் என்ற மாத்திரை 2014-ல் அங்கீகாரம் பெற்றது. மரபணுச் சோதனை செய்தால்தான் அது யாருக்கு ஏற்றதென்று வைத்தியர் தெளிவாக அறிய முடியும்.

மாணவி கேளாத கேள்வி ஒன்றும் உண்டு. அக்குறை அவளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி இடமிருக்கிறது. பி.ஆர்.ஸி.ஏ.1 கெட்ட ஸ்திரீகளில், வாழ்நாளில் 100க்குச் சுமார் 40 பேரைச் சினைப்பைப் புற்று பிடிக்கிறது. தந்தை வழியாகவும் இக்குறை வரும். ஆகவே, "கல்யாணத்துக்கு நிற்கும் பெண்; வெளியே தெரியலாகாது" என்று குடும்பத்தார் மறைப்பது அவளுக்குச் செய்யும் உபகாரமாகாது. முன்கூட்டித் தெரிந்தால் தக்க வயதில் சினைப்பையை அகற்றித் தப்பிக்கலாம்.

"குழந்தாய், தாயாரின் குறை புற்றுக்கும் குறையாயிற்று, அவ்வளவே. நீயும் சோதித்துக்கொள்" என்று பதில் எழுதியிருக்கிறோம்.