சும்மா ஓடுறதுக்கும் நேரம் வேணும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பின்னேரத்தில் ஓடினால் ஊரார் கேட்கிற முதல் கேள்வி, "என்ன, போட்டிக்குப் பழகுறியோ?" என்பதுதான். இல்லை, சும்மா ஓடுறன் எண்டால் "அப்ப படிப்பு?" எண்டு அடுத்தது வரும். இந்தச் 'சும்மா'வுக்காகத்தான் நாங்கள் இங்கே வாதாடுறம்.

2020இல் 'லான்செட் சைக்கியாட்ரி' ஆய்விதழில், இங்கிலாந்தின் 4,257 பதின்ம வயதினரைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. 12, 14, 16 வயதுகளில் அசைவை அளக்கும் கருவியை அவர்கள் அணிந்திருந்தார்கள். 18 வயதில் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கணக்கெடுத்தார்கள். இருந்த இடத்திலேயே கழிந்த நேரம் கூடக்கூட அறிகுறிகளும் கூடியிருந்தன. மெல்லிய அசைவு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கூடினவர்களுக்கு அறிகுறிகள் ஏறக்குறைய 8 முதல் 11 வீதம் குறைவு. மெல்லிய அசைவு எண்டால் நடக்கிறது, வீட்டுவேலை செய்யிறது போன்றவைதான். பதக்கம் எடுக்கிற ஓட்டம் இல்லை, கவனியுங்கோ. ஒன்றுதான் மற்றதுக்குக் காரணம் எண்டு இதை வைத்து அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனாலும் அலட்சியப்படுத்துற விசயமில்லை.

எங்கட பிள்ளையளுக்கோ பள்ளிக்கூடம் விட்டால் ரியூட்டரி வாங்கு, பிறகு வீட்டு மேசை, பிறகு கட்டிலில் போன். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் கொஞ்சப்பேர் ஓட, மிச்சப்பேர் இல்லம் சோடிக்கினம். ஓ/எல் நெருங்க அந்தக் கொஞ்சப்பேரிலும் பலர் நிண்டுவிடுவினம்.

பெண்பிள்ளையளுக்கு இன்னும் மோசம். பெரியபிள்ளையானதோடை கிளித்தட்டு முடிஞ்சுது. தெல்லிப்பளை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்தபோது எல்லாரும் கைதட்டினோம். அதே ஊரில் ஒரு பிள்ளை ஒழுங்கை முனை வரைக்கும் நடந்துவர ஏன் இத்தனை விசாரணை? இது எங்கட ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை எண்டதும் உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2016இல் உலகத்தின் 11–17 வயதுப் பெண்பிள்ளைகளில் 85 வீதமானோருக்கும் ஆண்பிள்ளைகளில் 78 வீதமானோருக்கும் போதிய உடலசைவு இல்லை.

இதைப் படிச்சிட்டு ஆரும் சோர்ந்துபோய்க் கிடக்கிற பிள்ளையிட்டைப் போய் "எழும்பி ஓடு, எல்லாம் சரிவரும்" எண்டு சொல்லிப்போடாதேங்கோ. அது காய்ச்சல்காரனைக் கிணத்தடிக்குத் துரத்திற மாதிரி. மனச்சோர்வு வந்தால் எழும்பவே ஏலாது, பிடிச்ச விளையாட்டும் வெறுத்துப்போகும். வீட்டிலை அதுக்கு வைக்கிற பெயர் 'பஞ்சி'. இரண்டு கிழமைக்கு மேல் இப்படிக் கிடந்தால் யாழ் போதனா வைத்தியசாலையில் உளமருத்துவர்கள் இருக்கினம். 1926க்கு எடுத்தும் கதைக்கலாம்.

மற்றவர்களுக்கு நாங்கள் கேட்கிறது கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரியூட்டரிகளைப் பூட்டுங்கோ (முதலாளிமார் கோவிக்கக்கூடும், ஒரு பின்னேரம்தானே). சனசமூக நிலையத்து வெளியைப் பெடியளின்ரை கிரிக்கெற்றுக்கு மட்டும் விடாமல், பெட்டையளுக்கும் ஒரு வலைப்பந்துக் கம்பம் நடுங்கோ. ஆர் வெண்டது எண்டு ஒருத்தரும் எழுதிவைக்க வேண்டாம்.