பிடில்காரன் பேரு என்ன?

"பிடில்"ங்கிற வார்த்தையை இப்பல்லாம் நாம ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயன்படுத்துறோம். நீரோ மன்னன்! ரோம் எரிஞ்சப்போ பிடில் வாசிச்சானாம். அவன் காலத்துல பிடிலே கிடையாதுங்கிறது வேற விஷயம் :-)

வயலினைத்தான் நம்ம தாத்தா காலத்துல பிடில்னு சொன்னாங்க. அது கர்நாடக சங்கீதத்துக்குள்ள வந்ததே ஒரு நல்ல கதை. முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில ஒரு ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டு, நம்ம ராகத்தை அதுல வாசிச்சுக் காட்டினார். வெளியூர்ல இருந்து வந்த வாத்தியம் இன்னிக்கு அது இல்லாம கச்சேரியே இல்லைங்கிற அளவுக்கு ஆயிடுச்சு. ஆனா வயலின்னா ஒண்ணு கச்சேரி, இல்லைன்னா சினிமா. நம்ம ஊர்ல மூணாவதா ஒரு இடம் அதுக்குக் கிடையாது.

ஏன் இதெல்லாம் சொல்றேன்னா, என் நண்பன் ஒருத்தன் வயலின் வாசிப்பான். குன்னூர் பக்கம் எஸ்டேட் லைன்ல பிறந்து வளர்ந்தவன். 1964 சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்த குடும்பம். வயலின் கத்துக்கிட்டது சர்ச் பாடகர் குழுவுல. அஞ்சு பேர் சேர்ந்து ஒரு பாண்டு வச்சிருக்காங்க. கல்யாணம், திருவிழான்னு வாசிப்பாங்க. எல்லாம் சினிமா பாட்டுதான்.

போன மாசம் ஒரு கல்யாணத்துல, சாப்பாட்டு நேரத்துல, அவனே எழுதி மெட்டுப் போட்ட ஒரு பாட்டை வாசிச்சான். பச்சைக் கொழுந்து பறிக்கப் போற அம்மாவைப் பத்தின பாட்டு. மண்டபத்துல பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. ரெண்டு மூணு பாட்டிங்க இலையில கை வச்சபடியே கேட்டாங்க. முடிஞ்சதும் ஒரு பெரியவர் மேடைகிட்ட வந்து ஆசையா கேட்டார்: "தம்பி, இது எந்தப் படம்?"

"படம் இல்ல தாத்தா, நான் எழுதினது"ன்னான். "ஓ..."ன்னு சொல்லிட்டு அவர் போயிட்டார். அந்த "ஓ"தான் என்னை இதை எழுத வச்சுது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வயலின்காரர் இருக்கார், கோவிந்த் வசந்தா. 2018ல '96 படம் வந்தப்போ "காதலே காதலே" கேட்டு உருகாத ஆள் எங்க வகுப்புல யாரும் இல்லை. "யாருப்பா இந்தப் புது ஆளு?"ன்னுதான் எல்லாரும் கேட்டோம். ஆனா அவர் புது ஆளே இல்லை. கூடலூரைத் தாண்டினா கேரளா. அங்க அஞ்சு வருஷமா அவர் பெரிய ஆள்.

கோவிந்த் மேனன்ங்கிற பேர்ல அவர் வயலின் வாசிச்சுப் பாட்டு போட்ட பாண்டு 'தைக்குடம் பிரிட்ஜ்'. பேரே கொச்சியில வைற்றிலா பக்கத்துல இருக்கிற ஒரு இடத்தோட பேர். 2013ல கப்பா டிவியோட 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சியில வந்தாங்க. மேடை நிறைய ஆளுங்க. கோவிந்தோட அப்பா பீதாம்பரன் மேனனும் அதுல ஒரு பாடகர்! மீன் பேரெல்லாம் சொல்லி ஒரு ராக் பாட்டு போட்டாங்க. 2015ல 'நவரசம்'னு ஆல்பம். நாட்டுப்புற மெட்டு, கதகளி, எலக்ட்ரிக் கிட்டார், நடுவுல வயலின். இதுக்கெல்லாம் படமும் கிடையாது, ஹீரோவும் கிடையாது. ஆனா ஜனங்க டிக்கெட் வாங்கி வந்து கேட்டாங்க, கூடவே பாடினாங்க.

இதை நாம எப்படிச் சொல்றோம் பாருங்க. "முதல்ல பாண்டுல இருந்தார், அப்புறம் முன்னேறி சினிமாவுக்கு வந்துட்டார்." என்னவோ பாண்டுங்கிறது வெயிட்டிங் ரூம் மாதிரி! நான் இதை ஒத்துக்க மாட்டேன். '96ல நம்மைக் கரைச்ச அந்த வயலின், பாண்டு மேடையில பல வருஷம் வாசிச்ச கையில இருந்து வந்தது. பாட்டுக்காரர் குரல் ஓய்ஞ்ச இடத்துல வயலின் எடுத்துக்கிட்டுப் பேசுறது, எங்க சும்மா இருக்கணும்னு தெரிஞ்சு சும்மா இருக்கிறது... இதெல்லாம் கூட வாசிக்கிற ஆளுங்களோட நின்னு கத்துக்கிறது. இன்னொண்ணு, '96 ஹிட்டானதும் அவர் பாண்டைக் கழட்டி விடலை. அடுத்த வருஷமே (2019) தைக்குடம் பிரிட்ஜோட 'நமஹ்' ஆல்பம் வந்தது. ஏறி முடிச்ச ஏணின்னு அவர் நினைச்சிருந்தா அது எதுக்கு?

பாண்டோட பாட்டும் ஒரு சொத்துன்னு அவங்க காட்டினாங்க. 2022ல 'காந்தாரா' படத்தோட "வராஹ ரூபம்" பாட்டு தங்களோட 'நவரசம்' பாட்டைப் போல இருக்குன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. படக்குழு அதை மறுத்தது. கோழிக்கோடு கோர்ட்டு இடைக்காலத் தடை போட்டுது, அப்புறம் தங்கள் அதிகார வரம்புல வராதுன்னு அதே கோர்ட்டு வழக்கைத் திருப்பி அனுப்பிச்சு. வழக்கு மேல மேல போச்சு. யார் பக்கம் நியாயம்னு சொல்ல நான் ஆள் இல்லை. ஆனா ஒரு பாண்டு "இது எங்க பாட்டு"ன்னு எழுந்து நின்னு சொல்ல முடிஞ்சுது பாருங்க, அதுதான் எனக்கு முக்கியம். என் நண்பனோட பாட்டை நாளைக்கு யாராவது எடுத்துப் போட்டா அவன் என்ன சொல்வான்? அவன் பாட்டு எழுதினான்னு சொல்ல அந்தப் பெரியவரோட "ஓ"வைத் தவிர சாட்சி ஏது?

"கேரளாவுல டிவிக்காரன் மேடை கொடுத்தான், அதனால வளர்ந்தாங்க. இங்க ஒண்ணும் நடக்காது"ன்னு சிலர் சொல்வீங்க. பாதி உண்மை. மேடை கொடுத்தாங்க, சரி. ஆனா "இது எந்தப் படம்?"னு கேக்காம உக்காந்து கேட்டது யாரு? ஜனங்கதானே.

நம்ம மலைக்கு இது புதுசும் இல்லை. படகர் வீட்டுச் சாவுக்கும், தோடர் வீட்டுச் சாவுக்கும் ஒரு காலத்துல வாசிச்சது கோத்தர்கள். குழலும் கொம்பும் பறையும் இல்லாம காரியமே நடக்காது. பதிலுக்குத் தானியம் கொடுத்தாங்க. ஆனா வாசிச்சவனுக்குச் சரியான மதிப்பு கொடுக்கலை. போன நூற்றாண்டுல அந்த வழக்கம் நின்னே போச்சு. கோத்தர்கள் தங்களோட ஏழு ஊர்ல, தங்களோட சாமிக்கு இன்னிக்கும் வாசிக்கிறாங்க. மத்தவங்களுக்கு அந்த இசை இல்லாமலே போச்சு. வாசிக்கிறவனை மதிக்கலைன்னா நஷ்டம் யாருக்குன்னு நம்ம மலைக்குத்தான் நல்லாத் தெரியணும்.

அதனால நான் கேக்கிறது மூணே மூணு.

ஒண்ணு, மே மாசம் கோடை விழாவுல மேடை போடுறாங்க இல்லையா? அதுல ஒரே ஒரு மணி நேரம், சொந்தப் பாட்டு மட்டும் வாசிக்கிற உள்ளூர் பாண்டுகளுக்குக் கொடுங்க. தமிழ், படகு, மலையாளம், எதுவானாலும் சரி. அதுல சினிமா பாட்டு கூடாது.

ரெண்டு, பாட்டு எழுதுற நண்பர்களுக்கு. 2012ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்காங்க. பாட்டை நீங்க யாருக்கு எழுதிக் கொடுத்தாலும், எழுதினவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வர வேண்டிய ராயல்டி பங்கு போகாது. அதை வசூல் பண்ணித் தர ஐ.பி.ஆர்.எஸ்னு ஒரு அமைப்பு இருக்கு. சேருங்க. ஒரு தேதி போட்டுப் பதிவு பண்ணியாவது வைங்க.

மூணு, நமக்கு. அடுத்த தடவை மண்டபத்துல ஒரு பாட்டு பிடிச்சிருந்தா, "எந்தப் படம்?"னு கேக்காதீங்க. "யார் எழுதினது?"ன்னு கேளுங்க. காசா பணமா?

கோவிந்த் தன் பேரோட அம்மா பேரைச் சேர்த்துக்கிட்டுத்தான் கோவிந்த் வசந்தா ஆனார். இன்னிக்கு ஒவ்வொரு பாட்டோடவும் அந்த அம்மா பேரும் சேர்ந்து வருது. என் நண்பன் பாட்டு எழுதினதும் அவன் அம்மாவைப் பத்தித்தான். அந்த அம்மா இன்னும் தினமும் கொழுந்துப் பையோட மலை ஏறுறாங்க. "சினிமாவுக்குப் போறதா இருந்தா வாசி, இல்லைன்னா கோயமுத்தூர்ல வேலை தேடு"ன்னு அவங்களே சொல்லிட்டாங்களாம். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. மூணாவதா ஒரு வழி இருக்குன்னு நாமதானே காட்டலை.

வயலின் இன்னும் விக்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமை கேத்தி பக்கம் ஒரு கல்யாணத்துல வாசிக்கிறான். அந்தப் பாட்டை மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கேன். நானும் போறேன், முதல் வரிசையில உக்காந்து சத்தமா கேக்கப் போறேன்: "தம்பி, இது யார் எழுதினது?"