ஐகன் வேல்யூ கண்டுபிடிச்சாச்சு, அப்புறம்?

முதல் செமஸ்டர் மேத்ஸ்ல மேட்ரிக்ஸ் யூனிட் ஞாபகம் இருக்கா? கேலி-ஹாமில்டன், டயகனலைசேஷன், எப்படியும் ஒரு 16 மார்க். நாலு வருஷம் முடியப் போகுது, அந்த யூனிட்ல கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் நம்மகிட்ட கேட்கவே இல்லை என்பதுதான் என் கட்சி.

கேள்வி இதுதான். ஏ, பி ரெண்டும் 2×2 மேட்ரிக்ஸ். ரெண்டுக்கும் ஐகன் வேல்யூ 1, 2. ரெண்டையும் பெருக்கினா வர்ற மேட்ரிக்ஸோட ஐகன் வேல்யூ என்ன?

"1, 4" என்று சொல்லத் தோணுது இல்லையா? பேப்பர் எடுங்க. ஏ: முதல் வரிசை 2, 0, அடுத்தது 0, 1. பி: முதல் வரிசை −3, −4, அடுத்தது 5, 6. டிரேஸ் 3, டிட்டர்மினன்ட் 2, அதனால பி-க்கும் ஐகன் வேல்யூ 1, 2தான். பெருக்கினா −6, −8, 5, 6. இதோட டிரேஸ் பூஜ்யம், டிட்டர்மினன்ட் 4. ஐகன் வேல்யூ ரெண்டுமே மெய்யெண் இல்லை!

பி-யோட முதல் எண்ணை மாத்த மாத்த, பெருக்கலோட டிரேஸ் அந்த எண்ணை விட 3 கூட வரும். அதாவது எது வேணும்னாலும் வரலாம். டிட்டர்மினன்ட் 4 மட்டும்தான் கட்டாயம்.

"பிளேஸ்மென்ட்ல இதைக் கேப்பாங்களா?" மாட்டாங்க. ஆனா கன்ட்ரோல் சிஸ்டம் படிச்சவங்க இதைப் பாருங்க. ஏ, பி ரெண்டையும் 4-ஆல வகுத்தா ஐகன் வேல்யூ 1/4, 1/2. டிஸ்க்ரீட் டைம்ல தனித்தனியா ரெண்டும் ஸ்டேபிள். வகுக்கும் முன் பி-யை 37, 36. −35, −34 என்று எடுத்துக்கோங்க (அதே டிரேஸ், அதே டிட்டர்மினன்ட்). பெருக்கலோட டிரேஸ் 40/16, அதாவது 2.5. ஒரு ஐகன் வேல்யூ கிட்டத்தட்ட 2.49. ரெண்டு மோடுக்கும் நடுவுல மாறி மாறி ஸ்விட்ச் பண்ற கன்ட்ரோலர் வெடிச்சுக்கிட்டே போகும். தனித்தனியா செக் பண்ணி டிக் போட்டவருக்கு இது தெரியவே தெரியாது.

கணிதத்துல இந்தக் கேள்வியோட முழு வடிவத்துக்கு டெலின்-சிம்ப்சன் பிராப்ளம்னு பேர். ஒரு மேட்ரிக்ஸை எந்த அச்சுல இருந்து பார்த்தாலும் கிடைக்கிற எல்லா வடிவமும் சேர்ந்தது ஒரு கான்ஜுகசி கிளாஸ். சில கிளாஸ்களைக் கொடுத்து, ஒவ்வொண்ணுலயும் ஒரு மேட்ரிக்ஸ் எடுத்து, எல்லாத்தையும் பெருக்கினா ஐடென்டிட்டி வரணும், எல்லாத்துக்கும் பொதுவான ஐகன் திசை மாதிரி எதுவும் இருக்கக் கூடாது. எப்போ முடியும்?

இங்க எண்ணிப் பார்க்கிறதே சுவாரஸ்யம். 2×2-ல ஐகன் வேல்யூ ரெண்டும் வேற வேறன்னா, ஒரு கிளாஸ்ல 2 பரிமாணம். பெருக்கல் ஐடென்டிட்டி ஆகணும்னா 3 போகும். எல்லாத்துக்கும் சேர்த்து அச்சை மாத்தலாம், அதுல இன்னொரு 3 போகும். மூணு மேட்ரிக்ஸ்னா 6−6, பூஜ்யம்: தீர்வு இருந்தா, அச்சு மாற்றம் தவிர ஒண்ணே ஒண்ணுதான். 1857-ல ரீமான், ஹைப்பர்ஜியோமெட்ரிக் ஃபங்ஷனை மூணு புள்ளி பக்கத்துல அது நடந்துக்கிற விதத்தை மட்டும் வெச்சே அடையாளம் காட்டினார். அதுக்குப் பின்னால இருக்கிறது இந்தப் பூஜ்யம்தான். நாலு மேட்ரிக்ஸ்னா 8−6, 2: தீர்வுகள் சேர்ந்து ஒரு பரப்பு ஆகுது, மூணாம் படி சமன்பாடு ஒண்ணுல அடங்குது. ஃபிரிக்கே பேர்ல இருக்கிற பரப்பு அது. பெருக்கலுக்குப் பதிலா கூட்டல் வடிவத்துக்கு 2003-ல க்ராலி-போவி விடை கொடுத்தார். அந்த விடை ஒரு நட்சத்திர வடிவ கிராஃப் வழியா வருது.

இந்த தியரி முழுசும் சிலபஸ்ல வரணும்னு சொல்லல. 3×3 ஐகன் வேல்யூவை நம்பை ஒரே வரியில கொடுக்குது, அதையே கையால போட மூணு மணி நேர பேப்பர்ல நம்மைப் பழக்கறாங்க. அந்த 16 மார்க்ல ஒரு பாதியை, "ஐகன் வேல்யூ இது, பெருக்கலோட டிரேஸ் பூஜ்யம் வர்ற மாதிரி பி-யைக் கண்டுபிடி" என்று கேட்கலாம். திருத்துறவங்களுக்கு வேலை கூடும், ஒரே விடை வராது. அதுதான் தடைன்னா நேரா சொல்லட்டும்.

இப்போ உங்க டர்ன்: 3×3, மூணு மேட்ரிக்ஸ், ஐகன் வேல்யூ எல்லாம் வேற வேற. ஒரு கிளாஸ்ல 6 பரிமாணம், போறது 8, இன்னொரு 8. மிச்சம் எவ்ளோ?